நாலு படி இறங்கியதும்

ஜூன் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நாலு வருஷமாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் கூப்பிட்டால் எடுக்கிறாய், "அம்மா நல்லா இருக்காங்க" என்று மூன்று வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறாய். அவரோ லாரியோடு ஊர் ஊராகப் போகிற மனிதர். தங்கை பேசினாலும் தலையை ஆட்டுவார், பெண்டாட்டி பேசினாலும் தலையை ஆட்டுவார், அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அவரை நம்பிப் பயனில்லை என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் குடியிருப்பில் நாடகம் போடுகிறோம். சிரிக்காதே. மூன்றாம் மாடிக்கு ஒரு விளையாட்டு டீச்சர் குடிவந்திருக்கிறார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் எல்லாருக்கும் அவர் விசில் டீச்சர். போன வருஷம் தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று குடியிருப்புக் கூட்டத்தில் கைகலப்பு ஆகாத குறை. இவர் விசிலை ஊதி, "இதையே நாடகமா போடுவோம். ஆனா யாரும் அவங்கவங்களா நடிக்கக் கூடாது. யாரோட சண்டையோ அவங்களா நடிக்கணும்" என்றார். கீழ்வீட்டு சலூன்காரர், மோட்டார் சாவி வைத்திருக்கும் இரண்டாம் மாடிக்காரராக நடித்தார். அந்த மனிதருக்கு மூட்டுவலி, ஒரு நாளைக்கு ஆறு தடவை படி இறங்கி ஏறுகிறார் என்பது சலூன்காரருக்கு ஒத்திகையில்தான் தெரிந்தது. நாடகம் மேடை ஏறுவதற்குள் சாவி கீழ்வீட்டுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து எங்களுக்கு இது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை கதை எங்கள் வீட்டுக் கதவு. நான்தான் சொன்னேன். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போகும்போது அத்தையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனதை மறைக்காமல் சொன்னேன். ஒருநாள் நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது, உள்ளே அத்தை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, சலூன்காரர் சுத்தியலால் பூட்டை உடைத்தது, சேதி கேட்டு நான் நனைந்த கோழியாக ஓடி வந்தபோது படிக்கட்டு முழுக்க ஆள் நிற்க நீ என்னைக் "கொலைகாரி" என்றது, எல்லாம் சொன்னேன். அன்றைக்கே நீ அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். சாமானோடு சாமானாக என் குடையும் போய்விட்டது. அதை இப்போது சொன்னால் அல்பம் என்பாய். சொல்லிவிட்டேன்.

நான் நீயாக நடிக்கிறேன். எதிர்வீட்டுத் தையல்காரி நானாக நடிக்கிறாள், துணிக்கொடி சொட்டுகிறது என்று எனக்கும் அவளுக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் சொந்த அம்மாவோடு பேசாத சலூன்காரர் அத்தையாக நடிக்கிறார். ஜூலை இருபது, வண்டி நிறுத்துகிற கொட்டகையில்.

இரண்டு விஷயம் வேண்டும். கதையில் வருகிற ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் காட்சி கிடையாது, இது டீச்சர் சட்டம். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இன்னொன்று, கதவுக்கு உள்ளே நின்று அத்தை என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? நாற்பது நிமிஷம் கேட்டவள் நீ ஒருத்திதான்.

அண்ணி


ஜூன் 10

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், கோபம் சரியாக ஏறட்டும் என்று.

கையெழுத்துப் போட மாட்டேன். மோட்டார் சண்டையும் என் அம்மாவும் உங்களுக்கு ஒன்றாகிவிட்டதா? அம்மா கதவைத் தட்டியது யாரும் கைதட்டுவதற்காக இல்லை. மீசை வைத்த சலூன்காரர் என் அம்மாவாம். நீங்கள் நானாம். நான் எப்படி நின்றேன், என் கை எங்கே இருந்தது என்று உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் வந்து சேரும்போது பூட்டு உடைந்து கீழே கிடந்தது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் போட்டுக்கொள்கிற ஆளுக்குத் தலை சுற்றும். நடந்ததை உங்கள் கண்ணுக்குத் தோதாகத் தேய்த்து வைத்துக்கொண்டு இதுதான் உலகம் என்று நாலு பேருக்குக் காட்டாதீர்கள்.

அம்மா உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் கேட்காதீர்கள். குடை எனக்கு ஞாபகமில்லை.

நாடகம் போடத்தான் போகிறீர்கள் என்றால் இருபதாம் தேதி நானே வந்து நடுவில் நிற்பேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு


ஜூன் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். என்னுடையது உனக்குத் தெரியாது, நான் அதை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெட்டிக்குள் வைத்திருந்தேன். கையெழுத்து வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். தபால்காரர் பாவம்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. நீ எப்படி நின்றாய் என்று எனக்கு என்ன தெரியும்? இதையே டீச்சரிடம் படித்துக் காட்டினேன். அவர், "நாப்பது நிமிஷம் நின்னாங்களா? அப்ப நீங்களும் நில்லுங்க. மேடையில ரெண்டு நிமிஷம்தான் வரும். அந்த ரெண்டு நிமிஷம் எங்கேருந்து வருதுன்னு உங்க காலுக்குத் தெரியணும்" என்று விசிலை ஊதிவிட்டார்.

இடித்த வீட்டிலிருந்து ஒரு நிஜக் கதவை நிலையோடு கொண்டுவந்து, முன்னால் பலகைப் படிகளும் வைத்து, கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். சலூன்காரர் உள்ளே நின்று தட்டினார். நான் வெளியே நின்றேன். அந்தக் கதவை எத்தனை நாள் பூட்டியிருக்கிறேன்! பூட்டியதும் என் வேலை முடிந்தது, நான் பஸ்ஸில் ஏறிவிடுவேன். பூட்டின கதவுக்கு முன்னால் சாவி இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். முதல் ஐந்து நிமிஷம் நடித்தேன். அப்புறம் நடிப்பு தீர்ந்துபோனது. அவர் தட்டிக்கொண்டே இருக்கிறார், என் கை அதுபாட்டுக்குக் கதவைப் பிறாண்டுகிறது. நாற்பது எங்கே, பதினோராவது நிமிஷம் என்னால் முடியவில்லை. தையல்காரி ஓடி வந்ததும் அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? நீ சொன்ன அதே வார்த்தை. எழுதிக் கொடுத்த வசனத்தில் அது இல்லை. மானம் போகிறதென்று நானே அதைப் பேனாவால் அடித்திருந்தேன். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு வாயில் வேறு வார்த்தை வராது என்று இப்போது தெரிகிறது.

அதனால் ஒன்று சொல்கிறேன். பூட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோகிற அத்தையை, ரோட்டில் இறங்கி நடந்துகொண்டே இருக்கிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆனால் உன்னை அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கவைத்தேனே, அதற்குக் கேட்கிறேன். நாலு வருஷம் தாமதம்.

சலூன்காரர் உள்ளேயிருந்து "என்னைக் காப்பாத்துங்க" என்று கத்துகிறார். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அத்தை அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. என்ன சொன்னார்கள்?

அண்ணி


ஜூன் 23

அண்ணிக்கு,

கையெழுத்து இன்னும் இல்லை. தப்பாகப் போடுகிறீர்களே என்ற எரிச்சலில் எழுதுகிறேன்.

நான் கதவைப் பிறாண்டவில்லை. என் வலது கையில் பை இருந்தது. அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட நாற்பது நிமிஷமும் தோன்றவில்லை. இடது உள்ளங்கையைக் கதவில் வைத்திருந்தேன், அம்மா தட்டுவது கையில் தெரியும்படி. பூட்டு உடைந்த பிறகு பார்த்தால் பை பிடித்த விரல்கள் விரிய மாட்டேன் என்றன.

தையல்காரி கதவைப் பூட்டிவிட்டு விறுவிறுவென்று படி இறங்கிப் போகிறாள் என்று அண்ணன் போனில் சொன்னான், ஒத்திகையைப் பார்த்தானாம். அப்படி யாரும் போக மாட்டார்கள். பூட்டியதும் காதைக் கதவில் வைக்க வேண்டும். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டால்தான் கொஞ்சம் தைரியம் வரும். நாலு படி இறங்கியதும் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். சாவியைப் பையில் போடக் கூடாது, பஸ் வரும்வரை கையிலேயே இருக்கும், கை வேர்த்து இரும்பு வாடை அடிக்கும். இதெல்லாம் இல்லாமல் கதவைப் பூட்டுகிறவளைக் காட்டினால் பார்க்கிறவன் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைப்பான். நீங்களே உங்கள் மூக்கை உடைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் எனக்கென்ன.

உங்கள் மன்னிப்பைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு


ஜூன் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ சொன்னபடியே தையல்காரியைச் செய்யச் சொன்னோம். காதை வைத்தாள், நாலு படி இறங்கினாள், திரும்பினாள், பூட்டை இழுத்தாள். நான் அப்படியேதான் செய்தேன், தினமும். நாலு படி, ஐந்தாவதில் கால் வைக்க வராது.

ஆனால் அதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனிடம்கூட. நீ ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. நீ வந்தபோது நான் வேலைக்குப் போயாகிவிட்டது.

நான் இதை வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது. சின்னவளே, நீயும் பூட்டுகிறாயா?

இதற்குப் பதில் எழுத உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். அதுவரைக்கும் இங்கே நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். டீச்சரின் அடுத்த சட்டம், ஒத்திகை பார்க்கிற யார் வேண்டுமானாலும் "நில்லு" என்று சொல்லி மேடை ஏறலாம், நடப்பதை மாற்றிக் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பே வந்து உட்கார்ந்திருந்தது. தையல்காரி நானாக நடித்துக்கொண்டே நாலு படி இறங்கித் திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள். அவளே "நில்லு" என்றாள். நடிக்கிறவளே நிறுத்தியது இதுதான் முதல் தடவை. சாவியை என் பக்கம் நீட்டி, "இதை என்கிட்ட குடுத்திருக்கலாமே. எட்டடி தூரத்துல நாள் முழுக்க மெஷின் மிதிச்சுக்கிட்டுதானே இருந்தேன்" என்றாள். அப்புறம் எல்லாருக்கும் முன்னால், "அன்னிக்குத் தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்குன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்" என்று சொல்லி அழுதாள்.

டீச்சர் என்னைப் பார்த்து, ஏன் கொடுக்கவில்லை என்றார். மாமியாரைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று பேர் வருமே என்று கொடுக்கவில்லை. துணிக்கொடிச் சண்டை வெறும் சாக்கு, வேறு காரணமே கிடையாது. ஒரு பேருக்குப் பயந்து பூட்டினேன், கடைசியில் அதைவிடப் பெரிய பேராக வாங்கிக்கொண்டேன்.

அண்ணி


ஜூலை 6

அண்ணி,

ஆமாம்.

பதினாலு மாதமாக. அதற்கு முன்னால் பக்கத்து அறையில் குடியிருந்த ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டாள், அவள் மாற்றலாகிப் போய்விட்டாள். ஒருநாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது, அம்மா பஸ் நிலையத்தில் செருப்பில்லாமல் நின்று போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் கை காட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்று. ஒரு டிரைவர் கையைப் பிடித்து உட்காரவைத்திருந்தார். அடுத்த நாள் போய்ப் பூட்டு வாங்கினேன். கடைக்காரன் எந்த அளவு என்று கேட்டான். உங்கள் வீட்டுக் கதவில் தொங்கிய அதே அளவைக் கையால் காட்டினேன். அந்தக் கையை எனக்கு வெட்டிப் போடலாம் போல இருந்தது.

உங்களைச் சொன்ன வார்த்தையை தினமும் காலை ஒன்பதரை மணிக்கு எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது, நான் பூட்டுவதை யாரோ பார்த்துச் சொல்லித்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் அப்படி எரிந்து விழுந்தேன். நாடகத்துக்கு வந்து நடுவில் நிற்பேன் என்று எழுதினேனே, அந்த இருபதாம் தேதி நான் அங்கே வரவேண்டும் என்றால் அம்மாவை என்ன செய்வது என்று யோசித்தேன். பூட்டிவிட்டுத்தான் வரவேண்டும். உங்களைத் தட்டிக்கேட்க அம்மாவைப் பூட்டிவிட்டு வருவது! சிரிப்பு வந்தது, அப்புறம் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள். என்னால் சொல்ல முடியாது.

எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. நான் பூட்டுகிறேன் என்பதால் அது போய்விடவில்லை. எதற்காக என்று சொல்லத் தெரியவில்லை, தெரிந்தால் எழுதுகிறேன்.

சின்னவள்


ஜூலை 9

அன்புள்ள சின்னவளுக்கு,

கோபம் இருக்கட்டும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வா. வா என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. உன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் பூட்டியிருக்கீங்க. நான் ஒருநாளும் பூட்டல. ஏன்னா நான் ஒருநாளும் இருந்ததே இல்ல" என்றார். வாய் திறந்தால் மனிதர் நன்றாகத்தான் பேசுகிறார். வாரத்தில் மூன்று நாள் உள்ளூர் லோடு மட்டும் ஓட்டுகிறேன் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.

என் வீட்டுக்கு இப்போது ஐந்து சாவி இருக்கிறது. ஒன்று தையல்காரியிடம். அவள் மெஷினை எங்கள் கூடத்திலேயே போட்டுக்கொள்கிறேன் என்கிறாள், அவள் வீட்டைவிட இங்கே வெளிச்சம் அதிகமாம். ஒன்று சலூன்காரரிடம், செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடை லீவு. ஒன்று டீச்சரிடம், நாலு மணிக்குமேல். மற்ற இரண்டும் எனக்கும் உன் அண்ணனுக்கும். ஒரு மாதத்தில் யாராவது சுணங்குவார்கள், சண்டை வரும், தெரியும். வந்தால் அதையும் நாடகமாகப் போடுவோம். ஆனால் கதவு வெளியே பூட்டப்படாது.

உன்னிடமிருந்து அத்தையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்றாலும் சரி. நீயும் இங்கே வந்துவிட்டாலும் சரி, கண்ணாடி போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நீ ஒருத்தியாக அந்தப் பூட்டோடு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படி நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தையல்காரி உனக்காகத் தன் வேஷத்தை விட்டுக்கொடுக்கிறாள். யாரோடு சண்டையோ அவராக நடிக்கவேண்டும் என்பதுதானே சட்டம். நீ வந்து நானாக நடி.

அண்ணி


ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் அம்மாவும் நானும் வருகிறோம். கடையில் மூன்று வாரம் லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குமேல் என்ன என்பதை அங்கே உட்கார்ந்து பேசுவோம். கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது.

கோபம் எதற்காக என்று தெரிந்துவிட்டது. எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வாய் வராது.

அன்றைக்குக் கதவுக்கு உள்ளே அம்மா காப்பாற்றச் சொல்லவில்லை. பயந்து தட்டவும் இல்லை. நான் வெளியே நின்று, "அம்மா, நான்தாம்மா, உன் பொண்ணு வந்திருக்கேன்" என்று கத்துகிறேன். உள்ளேயிருந்து அவள் கேட்டது இதுதான்: "அம்மாடி, மழை இருட்டிக்கிட்டு வருது. குடை எடுத்துக்கிட்டியா?"

அம்மாடி என்று அவள் கூப்பிடுவது உங்களைத்தான். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாற்பது நிமிஷமும் தட்டித் தட்டி அதையேதான் கேட்டாள், நீங்கள் படி இறங்கிப் போய்விடுவதற்குள் குடையைக் கொடுத்துவிட வேண்டும் என்று. பூட்டை உடைத்துக் கதவைத் திறந்தால் குடையோடு நிற்கிறாள். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அவ போயிட்டாளா?" என்றாள். அப்புறம் நீங்கள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தீர்கள். அந்த நேரத்தில்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் பூட்டியதற்காகச் சொன்னேன் என்று நாலு வருஷம் எல்லாரையும் நம்பவைத்தேன், என்னையும்தான்.

குடை என்னிடம்தான் இருக்கிறது. தெரிந்தேதான் எடுத்து வந்தேன். கொண்டுவருகிறேன்.

சலூன்காரரிடம் சொல்லுங்கள், அந்த வரியைக் கத்தக் கூடாது. வேலைக்குக் கிளம்புகிறவளிடம் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்கவேண்டும். அம்மா முன்வரிசையில் உட்காரட்டும். அவள் நடுவில் எழுந்து ஏதாவது சொன்னால் யாரும் அடக்க வேண்டாம்.

நான் நீங்களாக நடிக்கிறேன். இங்கே தினமும் ஒத்திகை ஆகிக்கொண்டுதான் இருந்தது. பூட்டுவேன், காதை வைப்பேன், நாலு படி இறங்குவேன், திரும்பி ஏறுவேன், பூட்டை இழுத்துப் பார்ப்பேன், மறுபடி நாலு படி இறங்குவேன். அந்த இடத்தில் பார்க்கிறவர்களில் யாராவது "நில்லு" என்று சொல்ல வேண்டும். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவைக்காதீர்கள், தையல்காரியிடம்கூட. தானாக வரவேண்டும். வரவில்லை என்றால் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பேன். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர் எழுந்து வந்து என்னிடமிருந்து சாவியை வாங்கும்வரை ஐந்தாவது படியில் கால் வைக்க மாட்டேன்.

சின்னவள்